வரி போடலாம், ஆனா கல்லாப்பெட்டி சாவி எங்ககிட்ட இருக்கணும்: ஏழை நாட்டு உதவிக்கு உலக வரின்னா அரசாங்கங்க ஏன் பம்முது

பாரீஸ்ல விமானம் ஏறுற எல்லாரோட டிக்கெட்லயும் ஒரு குட்டி வரி உக்காந்திருக்கு, முக்கால்வாசிப் பேர் அதக் கவனிச்சிருக்கவே மாட்டாங்க. 2006 ஜூலை 1ல இருந்து வாங்குறாங்க. ஆரம்பத்துல ஐரோப்பாவுக்குள்ள சாதா கிளாஸ்ல போனா 1 யூரோ, பிசினஸ் கிளாஸ்னா 10, கண்டம் தாண்டிப் போனா 4, அதுலயே மேல் கிளாஸ்னா 40. இந்தக் காசு பிரான்ஸ்ல ரோடு போடவோ பென்ஷன் குடுக்கவோ இல்ல, ஜெனீவாவுல இருக்குற யூனிட்எய்ட்ங்கிற அமைப்பு வழியா ஆப்பிரிக்காவுல எச்ஐவியோட பொறந்த குழந்தைங்களுக்கு மருந்தாப் போச்சு, அந்த மாதிரி மருந்துல பெரும்பகுதிய செஞ்சு அனுப்புனது நம்ம இந்திய கம்பெனிங்க. பாரீஸ்ல ஏறுனவன் காசு, இந்தியாவுல செஞ்ச மாத்திரை, ஆப்பிரிக்காவுல ஒரு குழந்தை. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு. அப்புறம் ஏன் இந்த மாதிரி வரி இருபது வருஷமாகியும் விரல் விட்டு எண்ற அளவுக்கு மேல வளரவே இல்லங்கிறதுதான் விஷயம்.

முதல்ல ஏன் வரிங்கிற பேச்சே வந்துச்சுன்னு பாப்போம். 1970 அக்டோபர்ல ஐநா பொதுச்சபையில ஒரு தீர்மானம் போட்டாங்க, பணக்கார நாடுங்க அவங்க தேசிய வருமானத்துல 0.7 சதவீதத்த ஏழை நாடுகளோட வளர்ச்சிக்குக் குடுக்கணும்னு. அரை நூற்றாண்டு தாண்டிருச்சு, 2024 கணக்குல அந்த 0.7 கோட்டத் தொட்டது நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க்னு நாலே நாலு நாடுதான். எல்லாத்தையும் சேத்து சராசரி எடுத்தா 0.33, அதாவது சொன்னதுல பாதி கூட இல்ல. பிரிட்டன் 2013ல 0.7 தொட்டு, 2015ல அத சட்டமாவே ஆக்குச்சு, சரி இவங்களாவது நிப்பாங்கன்னு பாத்தா கொரோனாவச் சொல்லி 2021ல 0.5 ஆக்கிட்டாங்க, 2025 பிப்ரவரியில ராணுவத்துக்குக் காசு வேணும்னு 2027க்குள்ள 0.3க்கு எறக்கப்போறோம்னு அறிவிச்சாங்க. சட்டம் இருந்தும் இந்த கதி. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேல போய், யூஎஸ்எய்ட்ங்கிற தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையோட மூடிருச்சு.

இத நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா கோயில் கொடைக்கு காசு சேக்குற மாதிரிதான். ஊர்க்கொடைக்கு ரெண்டு வழியில பணம் வரும். ஒண்ணு தலைக்கட்டு வரி, கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சிருவாங்க, பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் கட்டணும். இன்னொண்ணு உபயம். உபயக்காரர் ட்யூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு அதுமேலயே தன் பேர, அப்பா பேர, கடை பேர எல்லாம் பெயிண்ட்ல எழுதிருவாரு, வெளிச்சம் பாதி கூட வெளிய வராது, ஆனா குறை சொல்ல முடியுமா, அடுத்த வருஷம் அவர் கோவிச்சுக்கிட்டு தரமாட்டேன்னா லைட்டே இருக்காது. இன்னிக்கு உலகத்துல வளர்ச்சி உதவின்னு நடக்குறது முழுக்க உபயம். தலைக்கட்டு வரி மாதிரி ஒண்ணு கொண்டு வாங்கன்னு கேக்குறவங்கதான் சர்வதேச வரி ஆளுங்க. எலெக்‌ஷன்ல யார் ஜெயிச்சாலும் தோத்தாலும், மந்திரிக்கு மூடு இருந்தாலும் இல்லாட்டாலும் காசு வந்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான் அவங்க கோரிக்கை.

இந்த யோசனையோட முகமா எல்லாரும் சொல்றது ஜேம்ஸ் டோபின், 1981ல பொருளாதார நோபல் வாங்குன அமெரிக்கர். வேடிக்கை என்னன்னா அவர் ஏழை நாட்டு உதவிக்காக இத சொல்லவே இல்ல. 1972ல பிரின்ஸ்டன்ல ஒரு சொற்பொழிவுல, டாலர வாங்கி யென்ன வித்து காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு நாணயச் சூதாட்டம் ஆடுறவங்கள கொஞ்சம் மெதுவாக்கணும், அந்தச் சக்கரத்துல கொஞ்சம் மணல் போடணும், அதுக்கு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு சின்ன வரின்னுதான் அவர் யோசிச்சாரு. வர்ற காசு அவருக்கு ரெண்டாம்பட்சம். ஆனா நாணயச் சந்தை ஊதி ஊதி, 2025 ஏப்ரல் கணக்குப்படி ஒரு நாளைக்கு 9.6 ட்ரில்லியன் டாலர் கைமாறுதுன்னு வந்து நிக்குது, அதுல துளி எடுத்தாலே எவ்வளவு வரும்னு பாக்குறவனுக்கு நாக்கு ஊறாதா. 1994ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட மனித வளர்ச்சி அறிக்கைல, பாகிஸ்தானோட மஹபூப் உல் ஹக் தலைமையில, டோபினயே எழுதச் சொல்லி இந்த வரிய வளர்ச்சிக் காசோட முடிச்சுப் போட்டாங்க. அப்புறம் 1998ல பிரான்ஸ்ல இந்த வரியக் கேட்டு அட்டாக்னு ஒரு இயக்கமே கிளம்புச்சு. டோபினுக்கோ எரிச்சல், உலகமயமாக்கல எதிர்க்குறவங்க என் பேர கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு 2001ல ஒரு ஜெர்மன் பத்திரிகைப் பேட்டியில புலம்புனாரு.

இப்ப அரசாங்கங்க பக்கம் வருவோம். இதுல அமெரிக்காவோட நிலைப்பாடு மட்டும் கட்சி மாறினாலும் ரொம்ப மாறல. 1996 ஜனவரியில அப்போதைய ஐநா பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலி ஆக்ஸ்போர்டுல பேசும்போது, ஐநா எப்பவும் கையேந்திக்கிட்டே இருக்குறதுக்குப் பதிலா விமான டிக்கெட், நாணயப் பரிமாற்றம் மாதிரி எதுலயாவது ஒரு சின்ன கட்டணம் வாங்குனா என்னன்னு கேட்டுட்டாரு. அவ்வளவுதான், வாஷிங்டன்ல தீப்பிடிச்ச மாதிரி ஆச்சு. அந்த வருஷம் அமெரிக்க அதிபர் தேர்தல், குடியரசுக் கட்சியோட பாப் டோல் உடனே ஐநா வரி போடுறதத் தடுக்குற மசோதாவக் கொண்டு வந்தாரு. அவங்க லாஜிக் என்னன்னா, அமெரிக்கா சுதந்திரம் கேட்டு எழுந்ததே எங்க பிரதிநிதி இல்லாத சபை எங்கமேல வரி போடக்கூடாதுன்னுதான், அப்ப நியூயார்க்ல இருக்குற யாரோ ஒரு அதிகாரி எங்க ஆள்மேல வரி போடுறதானு. இதுல ஒரு நியாயம் இல்லாம இல்ல, அத ஒரேயடியா பணக்காரத் திமிர்னு தள்ளிட முடியாது. வரி போடுற அதிகாரம்தான் அரசாங்கங்கிறதோட உயிர்நாடியே, அத வெளிய விட்டா நாளைக்கு யார்கிட்ட போய் கணக்கு கேக்குறது?

நம்மாளுக்கும் இதுல ஒரு சம்பந்தம் இருக்கு, அதிகம் பேர் பேசுறதில்ல. 2000 டிசம்பர்ல ஐநா பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னான் ஒரு உயர்மட்டக் குழு போட்டாரு, வளர்ச்சிக்குக் காசு எங்கருந்து வரும்னு பாக்க, தலைவர் மெக்சிகோவோட முன்னாள் அதிபர் எர்னெஸ்டோ செடிலோ, உறுப்பினர்கள்ல ஒருத்தர் மன்மோகன் சிங். அப்ப அவர் பிரதமர் இல்ல, எதிர்க்கட்சியில இருந்தாரு. டோபின் வரிய இன்னும் நல்லா ஆராயணும்னு தள்ளி வச்சுட்டு, எண்ணெய், நிலக்கரி மாதிரி கார்பன் மேல வரி போடுறது மேல்னும், வரி விஷயத்துக்குன்னே ஒரு சர்வதேச அமைப்பு வேணும்னும் அந்தக் குழு சொல்லுச்சு. 2002ல மெக்சிகோவோட மான்டெர்ரேல நடந்த ஐநா வளர்ச்சி நிதி மாநாட்டுல தலைவர்கள் கூடுனப்ப இதெல்லாம் தண்ணியில கரைஞ்ச உப்பு மாதிரி காணாமப் போயிருச்சு, புதுமையான நிதி வழிகள ஆராய்வோம்னு வழவழன்னு ஒரு வரி மட்டும் மிஞ்சுச்சு. வரிங்கிற சொல்லே கெட்ட வார்த்தை ஆகிருச்சுன்னு வச்சுக்கங்க. அதுக்கப்புறம் யார் இத எடுத்தாலும் பங்களிப்பு, தோழமைக் கட்டணம், புதுமை நிதின்னு வேற வேற பேர்லதான் சொல்ல ஆரம்பிச்சாங்க.

திரும்ப உயிர் வந்தது 2004ல. பிரான்ஸ் அதிபர் ஷிராக், பிரேசில் அதிபர் லூலா, சிலி அதிபர் லாகோஸ் மூணு பேரும் கைகோத்தாங்க. இதுல ஷிராக் வலதுசாரி, லூலா தொழிற்சங்கத் தலைவரா இருந்து வந்தவர், அந்தக் கூட்டணியே ஒரு அதிசயம். (ஷிராக் ஏன் வந்தாருங்கிறதுக்கு ஈராக் போருக்கப்புறம் அமெரிக்காவுக்கு எதிரா ஒரு நல்ல பேர் தேவைப்பட்டுச்சுன்னும் சொல்லலாம், முழுக்க கருணைன்னு நான் நம்பல.) ஷிராக் லாந்தோங்கிற நிதி அதிகாரி தலைமையில ஒரு குழு போட்டு, எந்தெந்த வரி நடைமுறைக்கு ஆகும்னு எழுதி வாங்குனாரு. அந்த செப்டம்பர்ல நியூயார்க்ல நடந்த கூட்டத்துல நூறு நாட்டுக்கு மேல ஆதரவு குடுத்துச்சு. அமெரிக்கா சார்பா வந்தது அதிபர் இல்ல, வெளியுறவு மந்திரி இல்ல, வேளாண்மை மந்திரி ஆன் வெனமன். உலக வரிங்கிறது அடிப்படையிலேயே ஜனநாயக விரோதம், நடைமுறைக்கும் ஒத்துவராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

2005 ஜனவரியில டாவோஸ்ல நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்துக்கு ஷிராக் வீடியோ வழியா பேசுனப்ப ஒரு பட்டியலே வாசிச்சாரு, அதுல விமான எரிபொருள் வரியும் இருந்துச்சு, டிக்கெட் வரியும் இருந்துச்சு. எரிபொருள் வரி ஏன் அடிபட்டுச்சு, டிக்கெட் வரி ஏன் பொழச்சதுங்கிறதுல நல்ல பாடம் இருக்கு. 1944 சிகாகோ ஒப்பந்தத்துல, வெளிநாட்டுல இருந்து வர்ற விமானத்தோட டேங்க்ல இருக்குற எண்ணெய்க்கு வரி போடக்கூடாதுன்னு எழுதிட்டாங்க, அதுக்கப்புறம் நாட்டுக்கு நாடு போட்ட ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள்ல ஏத்துற எண்ணெய்க்கும் விலக்கு குடுத்துட்டாங்க. அதனாலதான் நம்ம பைக்குக்கு போடுற பெட்ரோலுக்கு வரி கட்டுறோம், சர்வதேச விமானத்துக்குப் போடுற எண்ணெய்க்கு பெரும்பாலும் வரி கிடையாது. அத மாத்தணும்னா அத்தன ஒப்பந்தத்தையும் பிரிக்கணும். டிக்கெட் வரிக்கு அந்தத் தலைவலி இல்ல, உன் ஊர்ல இருந்து ஏறுறவன்கிட்ட நீ வாங்கிக்க, யாரையும் கேக்க வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, இது பேர்லதான் சர்வதேச வரி, சட்டப்படி பாத்தா பிரான்ஸ் நாடாளுமன்றம் போட்ட பிரெஞ்சு வரி. வசூலிக்கிறது பிரான்ஸ், பெட்டி பிரான்ஸ்கிட்ட, அதுல இருந்து எடுத்து யூனிட்எய்டுக்குக் குடுக்குறதும் பிரான்ஸ். அமெரிக்கா பயந்த உலக வரி அதிகாரிங்கிற ஆளே இதுல இல்ல.

இந்தச் சூத்திரத்தாலதான் கொஞ்சமாச்சும் நகர்ந்துச்சு. 2006 செப்டம்பர்ல பிரான்ஸ், பிரேசில், சிலி, நார்வே, பிரிட்டன் அஞ்சும் சேந்து யூனிட்எய்ட தொடங்குனாங்க. சிலி சர்வதேச டிக்கெட்டுக்கு 2 டாலர் போட்டுச்சு. தென்கொரியா 2007ல இருந்து வெளிநாடு போறவங்ககிட்ட அவங்க நாணயத்துல 1000 வோன் வாங்குச்சு. கேமரூன், காங்கோ, மடகாஸ்கர், மாலி, மொரீஷியஸ், நைஜர்னு உதவி வாங்குற நாடுங்களே இந்த வரியப் போட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நார்வே தன்னோட விமான எரிபொருள் கார்பன் வரியில இருந்து ஒரு பங்கு எடுத்துக் குடுத்துச்சு. பிரிட்டன் மட்டும் புது வரி எதுவும் வேணாம், பட்ஜெட்ல இருந்து குடுக்குறேன்னு நின்னுச்சு, ஏன்னா அப்ப அவங்க நிதி மந்திரி கோர்டன் பிரவுனுக்கு வேற திட்டம், வருங்கால உதவிய அடமானம் வச்சு இப்பவே பாண்டு, அதாவது கடன் பத்திரம் மூலமா கடன் வாங்கி தடுப்பூசிக்கு செலவு பண்றது. சுற்றுலாவ நம்பியிருக்குற ஐரோப்பிய நாடுங்க ஒத்துக்கல. ஜெர்மனி வாயளவுல ஆதரவு சொல்லிட்டு, கடைசியில 2011ல டிக்கெட் வரி போடத்தான் செஞ்சுச்சு, ஆனா காசு முழுக்க சொந்த பட்ஜெட்டுக்கு! டிக்கெட் விலை ஏறுனா ஜனங்க பறக்கமாட்டாங்கன்னு விமான கம்பெனிங்க சங்கம் போட்ட கூச்சல் வேற. ஆக, இது முடியாதுன்னு சொன்ன யாருக்கும் வசூல் பண்றது கஷ்டமா இருந்ததில்ல, வசூலிச்சத வெளிய அனுப்புறதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பங்குச்சந்தை வரியிலயும் இதே கதை. 1999 மார்ச்ல கனடா நாடாளுமன்றம் 164க்கு 83ங்கிற கணக்குல, உலக நாடுகளோட சேந்து நிதிப் பரிமாற்ற வரி கொண்டு வரணும்னு தீர்மானம் போட்டுச்சு. அதே கனடாதான் 2010ல டொரன்டோ ஜி20 மாநாட்டுக்கு முன்னாடி, வங்கிங்க மேல உலக அளவுல வரி போடுற யோசனைய எதிர்த்து நாடு நாடா ஆள் அனுப்புச்சு. நாங்க ஒழுங்கா இருந்தோம், எங்க வங்கி எதுவும் கவுரல, அடுத்தவன் வங்கி கவுந்ததுக்கு நாங்க ஏன் கட்டணும்னு கேட்டாங்க, அந்த வரிசையில இந்தியாவும் நின்னுச்சு. பிரான்ஸ் 2001லயும் பெல்ஜியம் 2004லயும் நாணயப் பரிமாற்ற வரிக்கு சட்டமே போட்டுட்டாங்க, ஆனா மத்த ஐரோப்பிய நாடுங்களும் போட்டாத்தான் இது அமலுக்கு வரும்னு ஒரு வாலோட. நீ மொதல்ல குதி, நான் பின்னாடி வர்றேன்ங்கிற மாதிரி. அந்தச் சட்டங்க அலமாரியிலயே தூங்குச்சு.

எதிர்க்குறவங்க எப்பவும் எடுத்துக் காட்டுறது சுவீடன. 1984ல பங்கு வாங்குறது விக்கிறதுக்கு வரி போட்டாங்க, அப்புறம் அத ரெட்டிப்பாக்குனாங்க, வியாபாரம் மூட்டையக் கட்டிக்கிட்டு லண்டனுக்குப் போயிருச்சு, 1991ல வரியவே எடுத்துட்டாங்க. அந்தச் சூட்டுக் காயத்தாலதான் 2011 செப்டம்பர்ல ஐரோப்பிய ஆணையம் பங்கு, பாண்டுக்கு 0.1 சதவீதம், பங்கு மாதிரி ஒண்ணோட விலைய வச்சு ஆடுற டெரிவேட்டிவ் ஒப்பந்தத்துக்கு 0.01 சதவீதம்னு வரி கொண்டு வந்தா வருஷத்துக்கு 57 பில்லியன் யூரோ வரும்னு சொன்னப்ப, ஏழை நாட்டுக்காரங்க மேல அக்கறையா பேசுற சுவீடனே எதிர்த்து நின்னுச்சு, லண்டன் சந்தைய வச்சிருக்குற பிரிட்டனும் எதிர்த்துச்சு. ஆனா பாருங்க, அதே பிரிட்டன் பங்கு வாங்குனா அரை சதவீதம் முத்திரைத் தீர்வை காலங்காலமா வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு, அதுக்காக யாரும் ஓடல, ஏன்னா அது பிரிட்டன் கம்பெனி பங்குங்கிறத வச்சுப் போடுற வரி, நீ டோக்கியோவுல உக்காந்து வாங்குனாலும் கட்டித்தான் ஆகணும். சுவீடன்ல வரி விழுந்தது உள்ளூர் புரோக்கர் மேல, புரோக்கர மாத்துனா வரி போச்சு. வரியோட தலையெழுத்து விகிதத்துல இல்ல, எங்க கொக்கி மாட்டுறோம்ங்கிறதுல இருக்கு.

நம்ம நாட்டையே எடுத்துக்கங்க. 2004 பட்ஜெட்ல நம்ம சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம் எஸ்டிடி, அதாவது பங்குப் பரிமாற்ற வரியக் கொண்டு வந்தப்ப மும்பை பங்குச்சந்தை இருக்குற தலால் தெரு கொதிச்சுப் போச்சு, சந்தையே செத்துரும்னாங்க, அவரும் டே டிரேடிங்குக்குக் கொஞ்சம் கொறச்சு, பாண்டுக்கு விலக்கு குடுத்து, அக்டோபர் 1ல இருந்து அமலாக்கிட்டாரு. சந்தை சாகல. 2024-25ல அதுல வந்த வசூல் 50 ஆயிரம் கோடியத் தாண்டிருச்சு. இன்னிக்கு டெலிவரி எடுத்தா வாங்கும்போது 0.1, விக்கும்போது 0.1, போன்ல பட்டன அமுக்குன உடனே தானா கழிஞ்சுரும். அதனால நிதிப் பரிமாற்ற வரி தொழில்நுட்ப ரீதியா முடியாத காரியம்னு யாராச்சும் சொன்னா நம்ம ஊர் டிரேடர்ஸ் சிரிப்பாங்க. அந்தக் காசுல ஒரு பைசா ஏழை நாட்டுக்குப் போகுதான்னு கேட்டா இல்ல, போகணும்னு யாரும் இங்க கேட்டதும் இல்ல. பிரான்ஸ் 2012ல தனியா ஒரு பங்கு வரி போட்டு அதுல ஒரு பகுதிய உதவிக்கு ஒதுக்குச்சு, இத்தாலி, ஸ்பெயின்லாம் பின்னாடி வந்துச்சு, அங்க காசு பட்ஜெட்டுக்கு. ஐரோப்பா முழுக்க ஒரே வரிங்கிறது வருஷக்கணக்கா பேசி பேசி ஓஞ்சு போச்சு.

இந்தியாவோட நிலைப்பாடு கொஞ்சம் சிக்கலானது, நேரத்துக்கு ஒரு மாதிரி தெரியும், ஆனா உள்ள ஒரு நூல் ஓடுது. பணக்கார நாடுங்க செஞ்சுகுடுத்த வாக்குப்படி பட்ஜெட்ல இருந்து குடுக்கட்டும், புதுமை நிதி அது இதுன்னு சொல்லி அந்தக் கடமையில இருந்து நழுவக்கூடாது, அந்தச் சுமைய எங்க தலையில ஏத்தவும் கூடாது. இதுதான் அந்த நூல். 2012ல ஐரோப்பா தன் மண்ணுல எறங்குற எல்லா விமானத்துக்கும் விடுற கார்பனுக்குக் கணக்கு குடுத்து காசும் கட்டணும்னப்ப இந்தியாவும் சீனாவும் எங்க கம்பெனிங்க கணக்கே குடுக்காதுன்னு மல்லுக்கு நின்னு, அந்த வருஷ நவம்பர்ல ஐரோப்பா பின்வாங்குச்சு. எங்க ஆள் கட்டுற காசு உங்க கஜானாவுக்கு ஏன் போகணும்ங்கிறது கேள்வி. இப்ப 2026 ஜனவரியில இருந்து இரும்பு, சிமென்ட், அலுமினியத்து மேல ஐரோப்பா எல்லையில போடுற கார்பன் வரிக்கும் டெல்லி அதத்தான் கேக்குது.

ஆனா உண்மையான சர்வதேச வரி ஒண்ண இந்தியா கட்டியிருக்கு, அதுவும் முணுமுணுக்காம! பருவநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்தத்துல சுத்தமான வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, ஏழை நாட்டுல காற்றாலை மாதிரி போட்டா கார்பன் கிரெடிட் கிடைக்கும், அத பணக்கார நாட்டுக் கம்பெனிக்கு விக்கலாம். அதிகத் திட்டம் பதிவு பண்ணதுல சீனாவுக்கு அடுத்து இந்தியா, தமிழ்நாட்டு நூற்பாலைக்காரங்க போட்ட காற்றாலைங்களும் அதுல இருந்துச்சு. அந்த கிரெடிட்ல 2 சதவீதத்த ஐநாவே நேரா எடுத்து, பருவநிலை மாற்றத்தால அடிபடுற நாடுகளுக்கான தகவமைப்பு நிதிக்கு அனுப்பிரும். எந்த நாட்டு கஜானா வழியாவும் போகல. எந்த நாடாளுமன்றமும் வருஷாவருஷம் ஓட்டுப் போடல. அசல் தலைக்கட்டு வரி. ஆனா யார் மேல விழுந்துச்சு பாத்தீங்களா, ஏழை நாட்டுல நடக்குற திட்டத்து மேல. பணக்கார நாடுங்க அவங்களுக்குள்ள வியாபாரம் பண்ணிக்கிட்ட கிரெடிட்டுக்கு இந்த 2 சதவீதம் கிடையாது, அதுக்கும் போடுங்கன்னு 2008ல போலந்து பொஸ்னான் மாநாட்டுல வளரும் நாடுங்க கெஞ்சாத குறையா கேட்டாங்க, முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் 2012 வாக்குல கிரெடிட் விலை 1 யூரோவுக்குக் கீழ சரிஞ்சு, 2 சதவீதம்ங்கிறது கையில ஒட்டுன குங்குமம் அளவுக்கு ஆகிருச்சு.

சரி, வரி போட்டாச்சு, உதவிக்குன்னு ஒதுக்கியாச்சு, அப்பவாச்சும் நிம்மதியான்னா அதுவும் இல்ல. ஒரு செலவுக்குன்னு சொல்லி வாங்குற காசு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா. செஸ்னு நம்மகிட்ட வாங்குறாங்களே, 2018-19ல வசூலான சுமார் 2.75 லட்சம் கோடி செஸ்ல 1 லட்சம் கோடிக்கு மேல அதுக்கான தனி நிதிக்குப் போகாம மத்திய அரசோட பொதுக் கணக்குலயே தங்கிருச்சுன்னு அரசுக் கணக்கத் தணிக்கை பண்ற சிஏஜியே எழுதிச்சு, மாநிலத்துக்கும் அதுல பங்கு கிடையாது, அத சென்னையில எந்த ஆட்சி வந்தாலும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. பிரான்ஸ்லயும் கிட்டத்தட்ட அதான். டிக்கெட் வரியில உதவிக்குப் போறது 21 கோடி யூரோதான்னு ஒரு உச்சவரம்பு வச்சு, மேல வந்தத சொந்தச் செலவுக்குத் திருப்பிக்கிட்டாங்க. 2025 மார்ச்ல இருந்து வரிய எக்கச்சக்கமா ஏத்துனாங்க, ஐரோப்பாவுக்குள்ள சாதா கிளாஸுக்கு 7.40, ரொம்ப தூரத்துக்கு 40, அதுலயே பிசினஸ் கிளாஸுக்கு 120 யூரோ. எதுக்குன்னா பட்ஜெட் ஓட்டைய அடைக்க. அதே வருஷம் வளர்ச்சி உதவியில 2 பில்லியன் யூரோவுக்கு மேல வெட்டு. தோழமை வரிங்கிற பேர் மட்டும் அப்படியே இருக்கு, ஷிராக் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

இப்ப சூடா இருக்குற மேட்டர் கப்பல். கடல்ல ஓடுற கப்பல் விடுற புகை எந்த நாட்டுக் கணக்குலயும் சரியா வராது, அதனால சர்வதேச கடல்சார் அமைப்பு மூலமாவே ஒரு விலை வைக்கலாம்னு வருஷக்கணக்கா பேச்சு. 2025 ஏப்ரல்ல லண்டன்ல ஓட்டெடுப்பு, 63 நாடு ஆதரவு, 16 எதிர்ப்பு, இந்தியா, சீனா, பிரேசில் எல்லாம் ஆதரவுப் பக்கம். வரம்பத் தாண்டுற புகைக்கு டன்னுக்கு 100, 380 டாலர்னு ரெண்டு அடுக்கு. இதுல பசிபிக் தீவு நாடுங்க ஓட்டே போடாம ஒதுங்கிட்டாங்க, ஏன்னா அவங்க கேட்டது எல்லா டன்னுக்கும் ஒரே மாதிரி நேர் வரி, அதுல வர்ற காசுல கடல் மட்டம் ஏறி மூழ்குற தீவுக்கும் பங்கு. கிடைச்சதோ பெரும்பாலும் கப்பல் தொழிலையே மாத்துறதுக்கான நிதி. அதுவும் நிக்கல. அக்டோபர்ல இறுதியா முடிவு பண்ண உக்காந்தப்ப அமெரிக்கா வெளிப்படையாவே மிரட்டுச்சு, ஆதரிச்சு ஓட்டுப் போடுற நாட்டுக்கு விசா கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம், வர்த்தகத் தண்டனைன்னு, ட்ரம்ப்பே இது உலக பசுமை மோசடி வரின்னு எழுதுனாரு. சவுதி ஒரு வருஷம் தள்ளி வைக்கணும்னு கேட்டு, 57க்கு 49ல ஜெயிச்சிருச்சு. பூட்ரோஸ் காலி பேசுனப்ப வந்த அதே கோபம்தான், முன்னாடி சொந்தக் கையக் கட்டிக்கிட்டாங்க, இப்ப அடுத்தவன் கையயும் முறுக்குறாங்க.

கோடீஸ்வர வரி தனிக்கதை, சுருக்கமா சொல்லிடுறேன். 2024ல ஜி20 தலைமை பிரேசில்கிட்ட இருந்தப்ப, பிரெஞ்சு பொருளாதார நிபுணர் கேப்ரியல் ஸுக்மேன் உலகத்துல இருக்குற சுமார் 3000 பில்லியனர்கள் சொத்துல வருஷம் குறைஞ்சது 2 சதவீதம் கட்ட வச்சா 200ல இருந்து 250 பில்லியன் டாலர் வரும்னு கணக்குப் போட்டுக் குடுத்தாரு. அந்த வருஷ மொத்த வளர்ச்சி உதவியே சுமார் 212 பில்லியன்தான், அதோட வச்சுப் பாருங்க. தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் ஆமா போட்டாங்க. பைடன் அரசோட நிதி மந்திரி ஜேனட் யெல்லன், பணக்காரங்ககிட்ட அதிகம் வாங்கணும்ங்கிறது சரி, ஆனா உலக அளவுல வாங்கிப் பிரிச்சுக் குடுக்குறது வேணாம்னாங்க. அதாவது வரிக்கு சரி, பெட்டிக்கு இல்ல. கடைசியா ரியோவுல வந்த அறிக்கையில நாடுகளோட வரி இறையாண்மைய மதிச்சுன்னு ஒரு வார்த்தையப் போட்டுத்தான் எல்லாரையும் கையெழுத்து போட வச்சாங்க.

இதுக்கெல்லாம் இணையா ஆப்பிரிக்க நாடுங்க வேற ரூட்டு புடிச்சிருக்காங்க, எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாப் படுது. எங்களுக்கு உதவி குடுக்குறது இருக்கட்டும், எங்க ஊர்ல சம்பாதிக்கிற உங்க கம்பெனி எங்ககிட்ட வரி கட்டாம லாபத்த தூக்கிட்டுப் போறத மொதல்ல நிறுத்துங்கன்னு. 2023 நவம்பர்ல ஐநாவுல வரி விஷயத்துக்கு ஒரு உலக உடன்படிக்கை பேசணும்னு தீர்மானம் வந்தப்ப 125 ஆதரவு, 48 எதிர்ப்பு, 9 பேர் நடுநிலை. எதிர்ப்புல அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் ஒரே பெஞ்சுல. இந்தியா ஆதரவு, 2015ல எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபாவுல நடந்த வளர்ச்சி நிதி மாநாட்டுலயே இதக் கேட்டு மல்லுக்கட்டுன நாடுல்ல. 2025 பிப்ரவரியில பேச்சு தொடங்குன உடனே அமெரிக்கா எழுந்து வெளிய போயிருச்சு. நல்லாக் கவனிச்சா இதுல பணக்கார நாடுங்க நிலை தலைகீழா இருக்கு. உலக வரின்னா இறையாண்மை போச்சுன்னு கத்துறவங்க, அடுத்த நாட்டோட வரி இறையாண்மையப் பத்திப் பேச ஐநாவுல ஒரு மேசை போடுறதுக்கும் வேணாம்ங்கிறாங்க.

2025 ஜூன் கடைசியில ஸ்பெயின் செவில்லியா நகரத்துல வளர்ச்சி நிதி மாநாடு, அதுக்கும் அமெரிக்கா வரல. அங்க பிரான்ஸ், கென்யா, பார்படாஸ், ஸ்பெயின், சோமாலியா, பெனின், சியரா லியோன், ஆன்டிகுவான்னு எட்டு நாடுங்க சேந்து, பிசினஸ் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், பிரைவேட் ஜெட்ல போறவங்ககிட்ட மட்டும் தோழமைக் கட்டணம் வாங்கப்போறோம்னு சொன்னாங்க. சாதா கிளாஸ் ஆள விட்டுட்டாங்க, அதனால சுற்றுலா அடிபடும்ங்கிற பழைய எதிர்ப்பு கொஞ்சம் அடங்கும்னு ஒரு கணக்கு, சுற்றுலாவையே நம்பியிருக்குற பார்படாஸே முன்னாடி நிக்கிறது சும்மா இல்ல. எவ்வளவு வாங்குறது, அதுல எவ்வளவு வெளிய போகும், எவ்வளவு அந்தந்த நாட்டு கஜானாவுல நிக்கும்ங்கிறது அந்த அறிவிப்புல இல்ல.